இருபத்தொரு நாள்

கோழிமுட்டை குஞ்சாவதற்கு 21 நாள் வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்து வலிகாமச் சிற்றூர்களில் எவரும் ஏட்டைப் பார்த்து அறிந்துகொள்வதில்லை. அடை வைத்த நாளை நாட்காட்டியிற் குறித்து, மூன்றாம் வெள்ளியென்றோ மூன்றாம் செவ்வாயென்றோ கணக்கிட்டுக்கொள்வர். முட்டையின் ஒரு பக்கத்திற் பென்சிலாற் புள்ளடியும் மறுபக்கத்தில் வட்டமும் இடுவோரும் உளர். கோழி தன் அலகினால் முட்டைகளை நாளொன்றுக்குப் பலமுறை புரட்டிவிடும். புரட்டுகின்றதா இல்லையா என்பதை அக்குறிகளே அறிவிக்கும்.

அத்தகையதொரு சிற்றூரில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருத்தியின் பின்வளவில், கடந்த மாரியிற் பரவிய நோயினால் அடைக்கோழிகள் யாவும் இறந்துபோயின. குஞ்சுகளை விற்று வரும் பணத்திலேயே அவளுடைய மருந்துச் செலவு நடந்து வந்தது. பொறியியற் பீடத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் பேரனின் சாப்பாட்டுச் செலவின் ஒரு பங்கும் அதிலிருந்தே சென்றது. அயலவரிடம் முட்டை கிடைத்தது. அடைகிடக்கக் கோழி கிடைக்கவில்லை. கடையில் விற்கும் பொரிப்புப் பெட்டியின் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. இந்நிலையிலேதான் பேரன், தான் கற்ற கல்வியைக் கொண்டு கோழியின் வேலையைச் செய்யும் பெட்டியொன்றை அமைத்துத் தருவதாக வாக்களித்தான்.

பெட்டி எளிமையானது. உள்ளே தடித்த றெஜிபோம் பலகை ஒட்டிய மரப்பெட்டி. வெப்பத்துக்கு 12 வோல்ற்றில் எரியும் வாகனக் குமிழ்கள் இரண்டு. காற்றைச் சுழற்றச் சிறு விசிறி. ஈரப்பதனுக்குத் தண்ணீர்த் தட்டு. முட்டைகளை மெல்ல உருட்டுவதற்கு, சிறு மோட்டரொன்றினால் முன்னும் பின்னும் தள்ளப்படும் கம்பிச் சட்டம். இவையனைத்தையும் ஆளுகின்ற மூளையாக விளங்கியது, சிறுவிரலின் நீளங்கூட இல்லாத ஏரிமெகா 328பீ என்னும் நுண்கட்டுப்படுத்தி. இதன் மூலவடிவமைப்பு நோர்வே நாட்டின் துரொண்ஹைம் நகரில், அல்வ்-எகில் பூகன், வெகார்ட் வொலான் என்னும் இரு மாணவர்களின் சிந்தையில் உருவானது. அதனை அற்மெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியிற் சந்தைக்குக் கொணர்ந்தது. 2016இல் அந்நிறுவனம் மைக்ரோசிப் நிறுவனத்தின் உடைமையாயிற்று. மாணவர் இருவரின் முயற்சி உலகெங்கும் பரவிய வரலாறு, பேரனுக்கு மிகுந்த உவகையை அளித்ததொன்றாகும்.

இத்தகைய சில்லு ஒன்றினுள்ளே காலம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். சில்லின் வெளியே பொருத்தப்பட்ட பளிங்கு செக்கனுக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கின்றது. அத்துடிப்புகளை எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட எண்ணிகள் சில்லில் மூன்று உண்டு. அவற்றுள் இரண்டு எட்டு இருமங்களைக் கொண்டவை. 0 முதல் 255 வரை எண்ணி மீண்டும் 0க்குத் திரும்புவன. மற்றையது பதினாறு இருமங்களைக் கொண்டது. 65,535 வரை எண்ணவல்லது. துடிப்புகள் மிக விரைந்து வருவதால், முன்வகுப்பான் ஒன்று அவற்றை 8, 64, 256 அல்லது 1024ஆல் வகுத்து, அத்தனை துடிப்புக்கு ஒன்றாக எண்ணியிடம் அனுப்பும். எவ்வெண்ணினால் வகுப்பது, எவ்வளவில் எண்ணி திரும்புவது, திரும்பும்போது யாது செய்வது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவை பதிவகங்கள். பதிவகம் என்பது எட்டு ஆளிகள் வரிசையாய் அமைந்த சிறு பலகை போன்றது. ஓர் ஆளியை மாற்றி வைத்தால் எண்ணியின் இயல்பே மாறிவிடும்.

குமிழ்களின் வெப்பத்தை ஆளும் பணி முதலாவது எண்ணிக்கு அளிக்கப்பட்டது. மின்னைக் குறைத்தும் கூட்டியும் வழங்குவது கடினம். முழுவதாக வழங்குவதும் முழுவதாக நிறுத்துவதும் எளிது. ஆதலின், வழங்கும் நேரத்துக்கும் நிறுத்தும் நேரத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றுவதன் மூலம் வேண்டிய அளவு வெப்பம் பெறப்படுகின்றது. இதனையே துடிப்பகலப் பண்பேற்றம் என்பர். பேரன் முன்வகுப்பானை 256ஆக அமைத்தான். எண்ணி 256 படிகளைக் கொண்டது. ஆகவே குமிழ்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 244 முறை எரிந்து அணைந்தன. கண்ணுக்கு அது இடையறாத ஒளியாகவே தோன்றும். ஓ.சீ.ஆர்.0ஏ என்னும் ஒப்பீட்டுப் பதிவகத்தில் 127 என்று இட்டால் ஒவ்வொரு சுற்றிலும் சரிபாதி நேரம் எரியும். 63 என்று இட்டால் காற்பங்கு நேரம் எரியும். 0 என்று இட்டாலும் முற்றாக அணைவதில்லை. 256இல் ஒரு பங்கு நேரம் மெல்லிய துடிப்பொன்று எஞ்சி நிற்கும். முற்றாக அணைக்க வேண்டுமெனில் அக்காலுக்கும் எண்ணிக்கும் உள்ள தொடர்பையே வேறோர் ஆளியால் துண்டித்தல் வேண்டும். இவ்வுண்மையை அறிய அவனுக்கு ஓர் இரவு சென்றது.

சட்டத்தைத் தள்ளும் மோட்டர் பதினாறு இரும எண்ணியின் பொறுப்பாயிற்று. அவ்வகை மோட்டர் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு துடிப்பை எதிர்பார்ப்பது. துடிப்பின் அகலம் ஒரு மில்லிசெக்கனாயின் ஒரு பக்கமும், இரண்டு மில்லிசெக்கனாயின் மறுபக்கமும் திரும்புவது. முன்வகுப்பானை 8ஆகவும் உச்ச எண்ணை 39,999ஆகவும் அமைத்தால் சுற்றொன்று சரியாக 20 மில்லிசெக்கன் நீடிக்கும். ஒப்பீட்டுப் பதிவகத்தில் 2000 என்பது ஒரு மில்லிசெக்கன், 4000 என்பது இரண்டு. உச்சம் 40,000 ஆகாமல் 39,999 ஆவதேன் என்பதற்கு விடை, எண்ணி 0இலிருந்து தொடங்குகின்றது என்பதே. இச்சிறு விதியை மோட்டருக்கு நினைவில் வைத்திருந்தவன் வேறோரிடத்தில் மறந்துபோனான். அது பின்னர் வரும்.

இவ்விரு எண்ணிகளின் சிறப்பு யாதெனில், ஒருமுறை அமைத்துவிட்டால் அவை சில்லின் செயற்பகுதியை எதிர்பாராது தாமே இயங்கும் என்பதாகும். மூன்றாவது எண்ணியின் பணி வேறு. அது மில்லிசெக்கனுக்கு ஒருமுறை செயற்பகுதியை அழைக்க வேண்டும். இவ்வழைப்பே குறுக்கீடு எனப்படுவது. அழைப்பு வந்ததும் ஒரு கொடி உயரும். செயற்பகுதி தான் செய்துகொண்டிருந்த கட்டளையை முடித்து, திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்து வைத்து, பிற குறுக்கீடுகள் அனைத்துக்கும் கதவடைத்துவிட்டு, குறித்த வழிமுறைக்குத் தாவும். வழிமுறை முடிந்ததும் கதவு திறக்கப்படும்; விட்ட இடத்திலிருந்து பழைய வேலை தொடரும். பெட்டியின் கடிகாரம் இவ்வழைப்புகளை எண்ணியே ஓடிற்று. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முட்டைகளை உருட்டுவதும், பதினெட்டாம் நாள் முடிவில் உருட்டுவதை நிறுத்துவதும் அதன் பொறுப்பு.

விடுதி அறையில் நடத்திய சோதனைகளில் எல்லாம் செவ்வனே நடந்தன. வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே அவன் ஒரு மாற்றத்தைச் செய்தான். வெப்பநிலையை அளக்கும் பணி அதுவரை பொது வேலைகளோடு நடந்து வந்தது. ஒவ்வொரு செக்கனும் தவறாது அளத்தல் வேண்டும் என்னும் அக்கறையினால், அதனைக் குறுக்கீட்டு வழிமுறைக்குள்ளேயே எழுதிவிட்டான்: ஆயிரமாவது அழைப்பு வருந்தோறும் அங்கேயே நின்று அளந்து, குமிழுக்கான விகிதத்தை மாற்றிவிட்டுத் திரும்புவது. பொழுதுபடும் வேளை, ஆறு மணிக்கு, அயலிலிருந்து வந்த 40 முட்டைகளையும் மூதாட்டி புள்ளடியும் வட்டமும் இட்டு அடுக்கினாள். பெட்டியின் முகப்பில் 37.5 பாகை என்று தெரிந்தது. ஞாயிறு மாலை அவன் மனநிறைவோடு கிளிநொச்சிக்குப் புறப்பட்டான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

“தம்பி, அஞ்சு மணிக்குப் பாக்கேக்கை புள்ளடி மேலை. இப்பவும் மேலைதான் கிடக்கு. ஆறு மணிக்கு உருட்டுமெண்டெல்லோ சொன்னனீ? நாளும் பிழை. இண்டைக்கு மூண்டாம் நாள். உன்ர பெட்டி இரண்டெண்டு நிக்குது.”

“சூடு எவ்வளவு காட்டுது, அம்மம்மா?”

“முப்பத்தேழரை.”

“அப்ப பயமில்லை. பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது.”

“சூடு சரிதான். கோழி சூட்டை மட்டுமே குடுக்கிறது?”

அவ்வினாவுக்கு அவனிடம் விடை இருக்கவில்லை. உருட்டப்படாத முட்டையிற் கரு ஓட்டின் உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை அவன் நூலில் வாசித்திருந்தான். அவளோ வாழ்வில் அறிந்திருந்தாள். அன்று மாலையே பேருந்தேறி வந்துசேர்ந்தான். அதற்கிடையில் மூதாட்டி பெட்டியைத் திறந்து முட்டைகளைக் கையினாற் புரட்டிவிட்டிருந்தாள்.

குற்றம் எங்கே என்று ஆராயப் புகுந்தவன், முதலிற் செய்த சோதனை மிக எளியது. பெட்டியின் கணக்கில் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒருமுறை மின்னுமாறு சிறுவிளக்கொன்றை அமைத்தான். சுவர்க் கடிகாரத்தை அவன் பார்த்திருக்க, மின்னல்களை மூதாட்டி வாய்விட்டு எண்ணினாள். செக்கன் முள் ஒரு சுற்றை முடித்தபோது அவள் 34இல் நின்றாள். பெட்டியின் 34 செக்கன் உலகத்தின் 60 செக்கனாக இருந்தது.

காரணம் அப்பொழுது தெளிவாயிற்று. அவன் பயன்படுத்திய வெப்பநிலை உணரி, நுட்பமான அளவீட்டைத் தருவதற்கு முக்காற் செக்கன், அதாவது 750 மில்லிசெக்கன் வரை எடுத்துக்கொள்வது. குறுக்கீட்டு வழிமுறைக்குள் நின்று அதற்காகக் காத்திருந்த அவ்வளவு நேரமும் கதவு அடைபட்டே இருந்தது. வெளியே எண்ணி அழைத்துக்கொண்டே இருந்தது. ஆயின் கொடி ஒன்றே. அது உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்பதையன்றி, எத்தனை முறை அழைக்கப்பட்டது என்பதைச் சொல்ல அதனால் இயலாது. 750 அழைப்புகள் வந்த இடத்தில் ஒன்று மட்டுமே எஞ்சியது. ஆகவே பெட்டியின் ஆயிரம் மில்லிசெக்கன், உண்மையில் 1749 மில்லிசெக்கன் ஆயிற்று. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உருள வேண்டிய முட்டைகள் ஏறத்தாழ ஏழு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உருண்டன. மூன்று நாளில் 18 முறை நிகழவேண்டியது 10 முறையே நிகழ்ந்தது. அவ்வாறே விட்டிருந்தால், பெட்டி தன் பதினெட்டாம் நாளை அடையுமுன்னே உலகத்தில் ஒரு மாதம் கடந்திருக்கும்.

இவ்வளவுக்கும் வெப்பநிலையில் யாதொரு பழுதும் தோன்றாமைக்குக் காரணம், குமிழ்களை ஆண்ட எண்ணி எவருடைய துணையுமின்றித் தானே இயங்கியமையாகும். சரியாக நடந்த ஒன்று, பிழையாக நடந்த மற்றொன்றை மறைத்து நின்றது. தொலைபேசியில் அவன் வினவிய வினாவும் அச்சரியான ஒன்றைப் பற்றியதே.

இதனை மூதாட்டிக்கு விளக்குவதற்கு அவன் சற்றுச் சிரமப்பட்டான். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “படலையிலை கூப்பிட்டவனை அடுக்களைக்குள்ளை கொண்டுவந்து இருத்தி வைச்சுக் கதைச்சால், பிறகு வந்து கூப்பிடுறவையை ஆருக்குக் கேக்கும்? என்ன ஏதெண்டு கேட்டு, பிறகு வாறனெண்டு அனுப்பிப்போட்டு வந்து உலையைப் பாக்கவேணும்.”

பாடநூல்கள் பல பக்கங்களில் விரித்துரைக்கும் விதி இதுவே. குறுக்கீட்டு வழிமுறை குறுகியதாக இருத்தல் வேண்டும். வந்ததைக் குறித்துக்கொண்டு திரும்புதல் வேண்டும். நெடும்பணியைப் பொது வேலைகளிடம் விடுதல் வேண்டும். பேரன் அன்றிரவே அவ்வாறு திருத்தினான். வழிமுறைக்குள் எண்ணிக்கையை ஒன்றினாற் கூட்டுவதும், செக்கன் நிறைந்ததற்கான ஓர் அடையாளத்தை இடுவதும் மட்டுமே எஞ்சின. உணரியோடு காத்திருப்பது வெளியே சென்றது. இன்னொரு நுட்பத்தையும் அவன் கவனித்தான். எண்ணிக்கை முப்பத்திரண்டு இருமங்களைக் கொண்டது. சில்லோ ஒரே வேளையில் எட்டு இருமங்களையே கையாளவல்லது. நான்கு துண்டுகளாக வாசிக்கையில், இடையே அழைப்பு வந்து எண்ணிக்கையை மாற்றிவிடின், பழையதிற் பாதியும் புதியதிற் பாதியும் சேர்ந்து எக்காலத்துக்கும் உரியதல்லாத ஓர் எண் பிறக்கும். ஆதலின் வாசிக்கும் அக்கணத்துக்கு மட்டும் கதவை அடைத்துப் பின் திறந்தான். பெட்டியை மீளத் தொடக்கினால் நாள் முதலாவதாகிவிடும் என்பதால், கழிந்த மணித்தியாலங்களையும் தொடக்கப் பெறுமானமாக எழுதினான். இவ்வேலைகளுக்காகக் குமிழ்கள் சில நிமிடங்கள் அணைந்திருந்தன. அவன் பதறியபோது, கோழியும் தீன் பொறுக்க எழும்பித்தானே போகும் என்று மூதாட்டி அமைதி கூறினாள்.

அத்தோடு முடிந்ததென்று எண்ணியவனுக்கு இன்னுமொன்று காத்திருந்தது. அடுத்த நாள் மாலை, வானொலிச் செய்தியோடு ஒப்பிட்டபோது பெட்டி ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தியிருந்தது. மூன்றாவது எண்ணிக்கு முன்வகுப்பான் 64, ஆகவே செக்கனுக்கு 2,50,000 படிகள், மில்லிசெக்கனுக்கு 250. அவன் ஒப்பீட்டுப் பதிவகத்தில் 250 என்றே எழுதியிருந்தான். எண்ணி 0இலிருந்து தொடங்குவதால் அது 251 படிகளாயிற்று. எழுதியிருக்க வேண்டியது 249. மோட்டருக்கு நினைவிலிருந்த விதி இங்கே மறந்துபோனது. ஒன்றினால் வந்த பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 346 செக்கன். 21 நாளில் இரண்டு மணித்தியாலம்.

இரண்டு மணித்தியாலத்தால் முட்டைக்கு ஊறு நேராது. எனினும் காலக் கணக்கிற் சிறுபிழை சேர்ந்து பெருகுவதன் விளைவை உலகம் வேறிடத்திற் கண்டிருக்கின்றது. 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினரின் தங்குமிடத்தை ஈராக்கின் ஏவுகணையொன்று தாக்கியது. 28 படையினர் மாண்டனர். அதனை இடைமறிக்க வேண்டிய பேட்ரியட் தொகுதி நேரத்தைச் செக்கனின் பத்திலொரு பங்காக எண்ணிற்று. பத்திலொன்று என்பது இரும எண்முறையில் முடிவுறாத பின்னம். 24 இருமங்களுக்குள் அதை வெட்டி அடக்கியதில் மிகச் சிறிய பிழையொன்று எஞ்சியது. தொகுதி 100 மணித்தியாலம் ஓய்வின்றி இயங்கியபோது, அப்பிழை செக்கனில் மூன்றிலொரு பங்களவுக்குப் பெருகியிருந்தது. அதற்குள் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கும் மேலாகச் சென்றுவிடும். கருவி வானில் தவறான இடத்தை நோக்கியிருந்தது; தன் கணக்கில் அது சரியாகவே இயங்கிக்கொண்டிருந்தது.

தன் கணக்கிற் சரியாக இருத்தல் என்பது இங்கே சிந்தித்தற்குரியது. எண்ணுகின்ற எப்பொருளும் தான் எண்ணியதையே காலமென்று கொள்ளும். தவறவிட்டதை அது அறியாது, அறியுமாயின் தவறவிட்டிராது. ஆகவே பிழையை வெளிப்படுத்துவதற்குப் புறத்தே நிற்கும் ஒரு சாட்சி தேவைப்படுகின்றது. சுவர்க் கடிகாரமும் வானொலியும் அத்தகைய சாட்சிகள். முட்டையின் மேல் இட்ட பென்சிற் புள்ளடியும் அத்தகையதே. பேரன் அந்தப் புள்ளடியைப் பழைய பழக்கமென்று எண்ணியிருந்தான். பெட்டி வந்த பின்னும் அதனைக் கைவிடாத மூதாட்டி, பெட்டியை ஐயுற்று அவ்வாறு செய்தாளல்லள். தன் கோழிகளையும் அவள் அவ்வாறே பார்த்து வந்தவள்.

ஏழாம் நாள் இரவு, மின்சூள் ஒளியிற் பார்த்து, கருக்கொள்ளாத ஆறு முட்டைகளை அவள் நீக்கினாள். பதினெட்டாம் நாள் முடிவிற் சட்டம் தானே நின்றது. தண்ணீர்த் தட்டு இரண்டாயிற்று. இருபதாம் நாள் இரவு உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. வெள்ளிக்கிழமை பொழுதுபடுமுன் 26 குஞ்சுகள் வெளிவந்தன. எட்டு முட்டைகள் அசைவின்றிக் கிடந்தன. மேலும் ஒருநாள் பொறுத்துப் பார்த்து, மூதாட்டி அவற்றை வாழையடியிற் புதைத்தாள்.

அந்த எட்டும் முதல் மூன்று நாளின் பிழையாலா போயின என்று பேரன் கேட்டான். கோழி அடைகிடந்தாலும் சில பொரியாமற் போவதுண்டு என்பதை அவன் அறிவான். ஆயினும் அவனாற் கேளாதிருக்க இயலவில்லை.

“அது முட்டைக்குத்தான் தெரியும், தம்பி,” என்றாள் அவள்.

பிறகு திண்ணையில் அமர்ந்து, அயல்வீட்டிலிருந்து அன்று வந்த முட்டைகளை மடியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் புள்ளடி இடத் தொடங்கினாள். பேரனும் இன்னொரு பென்சிலை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் வட்டம் இட்டான்.